இப்ப நோ இல்லை, பிறகேன் குளுசை?

அம்மா தன் முடக்குவாத மருந்தை இதுவரை இரண்டு தரம் நிறுத்தியிருக்கிறார். முதல் தரம், குளுசை தொடங்கி மூன்றாம் கிழமை. "இவ்வளவு போட்டும் நோ அப்பிடியே கிடக்கு, இது எனக்குச் சரிவராது" என்றார். இரண்டாம் தரம், ஒன்றரை வருடம் கழித்து. விரல்கள் சுகமாக மடங்கின. இடியப்ப உரலைத் தானே பிழிந்தார். விடிய எழும்பியதும் கட்டில் விளிம்பில் இருந்து அரை மணித்தியாலம் கையை உருவிக்கொண்டிருக்கும் வழக்கமும் போய்விட்டது. அப்போது கேட்டார்: "இப்ப நோ இல்லை, பிறகேன் குளுசை?"

நோ இருந்ததால் ஒரு தரம், நோ இல்லாததால் ஒரு தரம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை. நோவைப் பார்த்தால் நோயின் அளவு தெரியும், மருந்து வேலை செய்கிறதா என்பதும் தெரியும் என்ற நம்பிக்கை. அதில் பெரிய பிழை இருப்பதாகத் தோன்றாது. தலையிடிக்குப் பனடோல் போட்டுவிட்டு அப்படித்தானே பார்க்கிறோம்? அழற்சி மூட்டுவாதத்தில் மட்டும் அந்தக் கணக்கு பிழைத்துவிடுகிறது. ஏன் பிழைக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். நான் டொக்டர் இல்லை. அம்மாவோடு கிளினிக் வாங்கில் பல காலைகள் குந்தியிருந்தவள், இருந்த நேரத்தில் வாசித்தவள், அவ்வளவுதான்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். ஊரில் மூட்டு நொந்தால் எல்லாமே "வாதம்"தான். வயது போய் முழங்கால் தேய்வதும் வாதம், விரல் வீங்குவதும் வாதம். இவை ஒன்றல்ல. இங்கே பேசுவது முடக்குவாதமும் அதன் இனத்தவர்களும். சொரியாசிஸ் தோல் நோயோடு வருகிற மூட்டுவாதம், முள்ளந்தண்டைப் பிடிக்கிற வாதம் எல்லாம் அந்த இனம். பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்தில் "நிர்ப்பீடனம்" என்று பாடமாக்கியது ஞாபகம் இருக்கும், கிருமியோடு சண்டைபிடிக்க உடம்பு வைத்திருக்கும் படை. அந்தப் படை ஆள் மாறி, மூட்டுக்குள்ளே இருக்கும் மெல்லிய சவ்வை அடிக்கத் தொடங்குகிறது. சவ்வு வீங்கித் தடிக்கிறது. அப்படியே விட்டால் பக்கத்தில் இருக்கிற கசியிழையத்தையும் எலும்பையும் அரித்துவிடும். அரித்ததைத் திரும்ப வளர்க்க மருந்து இல்லை.

வளர்ந்தவர்களில் 100 முதல் 200 பேருக்கு ஒருவருக்கு முடக்குவாதம் வரலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூட. பெரும்பாலும் கைவிரல் மூட்டுகளும் மணிக்கட்டும் கால்விரல் அடிகளும்தான் முதலில் பிடிபடும், அதுவும் இரண்டு பக்கமும். காலை விறைப்பு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று நீளும். 2006 கடைசியில் இங்கே சிக்குன்குனியா பரவியபோது மாதக்கணக்கில் மூட்டு நொந்து கிடந்தவர்கள் பலர். அதனால் இன்றைக்கும் விரல் வீங்கினால் "அது பழைய சிக்குன்குனியா நோ" என்று தள்ளிவிடுகிற ஆட்கள் உண்டு. வீக்கம் சில கிழமைகளுக்கு மேல் நின்றால் பிந்தாமல் காட்டுங்கள். இந்த நோயில் முதல் சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினவர்களுக்கும் பிந்தித் தொடங்கினவர்களுக்கும் பிற்காலத்தில் கை இருக்கும் நிலை வேறு.

நாய் யாருக்குக் குரைக்கும்?

நோ எங்கே உண்டாகிறது என்று கேட்டால் விரலைக் காட்டுவோம். உண்மையில் விரலிலிருந்து கிளம்புவது ஒரு செய்திதான். அது நரம்பு வழியே முள்ளந்தண்டுக்கும் அங்கிருந்து மூளைக்கும் போகிறது. போகிற வழியில் அது அப்படியே போவதில்லை. 1965 இல் மெல்சாக், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். நம் பாஷையில் சொன்னால், முள்ளந்தண்டில் ஒரு படலை இருக்கிறது. கீழிருந்து வரும் செய்தியில் எவ்வளவை உள்ளே விடுவது என்பதை அந்தப் படலை தீர்மானிக்கிறது. படலையைக் கொஞ்சம் திற, கொஞ்சம் சாத்து என்று மேலிருந்து மூளையும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நுணுக்கங்கள் பிற்காலத்தில் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்துவிட்டது. முழங்கால் கதவில் இடிபட்டதும் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அது படலையைச் சாத்துகிற வேலைதான். பயம், கவலை, நித்திரைக் குறைவு எல்லாம் படலையைத் திறந்துவிடுகிற கைகள்.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோக் கடற்கரையில் காயப்பட்ட சிப்பாய்களைப் பார்த்த பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பெருங்காயத்தோடு வந்தவர்களில் கனபேர் நோ மருந்து வேண்டாம் என்றார்கள். அந்தக் காயம் அவர்களுக்கு வீடு போகும் கடிதம். அதே அளவு காயத்தோடு வருகிற ஊர்ச்சனம் மருந்து கேட்டு அழும். நமக்கு இதை விளங்கிக்கொள்ள அன்சியோ வரைக்கும் போகத் தேவையில்லை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் முதுகிலும் காலிலும் செடில் குத்தித் தூக்குக் காவடியில் தொங்கி வருகிறவரின் முகத்தைப் பாருங்கள். அதே ஆள் அடுத்த கிழமை வீட்டுக் கோடிக்குள் முள் குத்தினால் "ஐயோ" என்று கத்துவார். தோல் அதே தோல். அந்த நோவுக்கு அவர் கொடுக்கிற அர்த்தம் வேறு.

இங்கே ஒரு ஆபத்து உண்டு. இதைச் சொன்னதும் "அப்ப நோ எல்லாம் மனசிலதான்" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கு ஒரு டொக்டரே அப்படிச் சொன்னார், "எல்லாம் உங்கட யோசினைதான் அம்மா" என்று, முகம் பாராமல், கொப்பியில் எழுதிக்கொண்டே. அம்மா வரும் வழி முழுக்கக் கதைக்கவில்லை. சர்வதேச நோவு ஆய்வுச் சங்கம் 2020 இல் திருத்திய வரைவிலக்கணம், நோ என்பது உடலுணர்வும் மன உணர்ச்சியும் சேர்ந்த ஒரு விரும்பத்தகாத அனுபவம் என்கிறது. ஒருவர் நோகிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றும் அதோடு சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். நோவில் மனத்துக்குப் பங்கு இருக்கிறது என்பதால் நோ பொய்யாகிவிடாது. மூளையில் உண்டாகாத நோ என்று ஒன்றில்லை, அது கை முறிந்த நோவாக இருந்தாலும்.

நான் இதை வீட்டு நாயை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். நல்ல நாய் கள்ளனைக் கண்டால் குரைக்கும். ஒருமுறை கள்ளன் வந்துபோன வீட்டு நாயோ, பிறகு தபால்காரருக்கும் குரைக்கும், பனையோலை விழுந்தாலும் குரைக்கும். நீண்ட நாள் அழற்சியில் கிடந்த மூட்டின் நரம்புகளும் அவை போய்ச்சேரும் முள்ளந்தண்டும் மூளையும் இப்படித்தான் கூர்மையாகிவிடுகின்றன. அழற்சி அடங்கிய பிறகும் சிலருக்கு நோ மிஞ்சி நிற்பதற்கு இது ஒரு காரணம். இனி மற்றப் பக்கத்தைப் பாருங்கள். கூரைச் சிலாகையில் கறையான் அரித்துக்கொண்டிருக்கும். நாய் வாசலில் நிம்மதியாகப் படுத்திருக்கும். கள்ளனுக்குக் குரைக்கிற நாய் கறையானுக்குக் குரைக்காது. நோ பெரிதாக இல்லாதவர்களின் மூட்டுக்குள்ளும் அழற்சி மெல்ல மெல்ல நடப்பதை அல்ட்ராசவுண்ட் படம் காட்டியிருக்கிறது. அம்மா முதல் தரம் மருந்தை விட்டது நாயின் சத்தத்தைக் கேட்டு. இரண்டாம் தரம் விட்டது நாயின் அமைதியைக் கண்டு.

கிளினிக்கில் டொக்டர் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமத்திப் பார்ப்பது இதற்குத்தான். "எவ்வளவு நோகுது?" என்ற கேள்வி மட்டும் போதாது. வழக்கமாகப் பயன்படும் ஒரு கணக்கில் 28 மூட்டுகளை எண்ணுகிறார்கள். எத்தனை வீங்கியிருக்கின்றன, எத்தனை அமத்தினால் நோகின்றன, அழற்சியைக் காட்டும் இரத்த அளவுகளான ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி எவ்வளவு, நோயாளி தன் நிலைக்கு எத்தனை புள்ளி கொடுக்கிறார் என்ற நாலையும் சேர்த்து ஒரு இலக்கம் வரும். இந்த நாலில் இரண்டு நோயாளியின் உணர்வைப் பொறுத்தவை, இரண்டு அப்படி அல்ல. அம்மாவின் புள்ளி கூடிவந்த ஒரு மாதம் வீக்கமும் இல்லை, சிஆர்பியும் ஏறவில்லை. அந்த மாதம் நித்திரை இல்லை என்பதை டொக்டர் கேட்டுத்தான் அறிந்தார். மருந்தைக் கூட்டவில்லை.

யோசினை

நோ வந்தால் மனம் என்ன செய்யும்? ஆளுக்கு ஆள் வேறு. மூன்று பாதைகளை நம் வீடுகளில் அடிக்கடி காணலாம்.

முதலாவது, நோவைப் பெருப்பித்து நினைப்பது. இதை அளக்க சலிவன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1995 இல் 13 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் செய்தார்கள். அதில் மூன்று இழைகள் இருக்கின்றன: அதையே திரும்பத் திரும்ப நினைப்பது, வரப்போவதைப் பெரிதாக்கிக் காண்பது, என்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்று கையை விரிப்பது. யாழ்ப்பாணத்தில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே சொல், யோசினை. விடிய நாலு மணிக்கு மணிக்கட்டில் ஒரு குத்து. அது ஏன் குத்துது, நேற்றைக்குக் குத்தேல்லையே, பெரியம்மாவின் கை வளைந்த மாதிரி எனக்கும் வளையப்போகுதோ, பிள்ளையளுக்குப் பாரமாகப் போறன் போல. ஒரு குத்திலிருந்து பாரமாகிப் போவது வரைக்கும் ஐந்து நிமிடம் போதும். இந்தப் பழக்கம் கூடினவர்களுக்கு அதே அளவு வீக்கத்திலும் நோ கூட இருக்கிறது, மனச்சோர்வும் கூட வருகிறது என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. குணக்குறைவு என்று இதைப் பார்க்கக்கூடாது. பயம் வந்தால் காவலைக் கூட்டுவது மூளையின் வேலை, அது தன் வேலையைச் செய்கிறது.

இரண்டாவது, பயத்தில் ஒதுங்குவது. நோகும் என்று கையை மடக்காமல் விடுவது. தேங்காய் திருவமாட்டேன், துணி பிழியமாட்டேன், கோயிலுக்கு நடக்கமாட்டேன். முதல் கிழமை இதம்தான். ஆறு மாதத்தில் கைத்தசை மெலிந்து, சின்ன வேலைக்கும் கூட நோகும். நொந்ததும் "பார்த்தியா, சொன்னேனே" என்று பயம் இன்னும் இறுகும். இதில் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு, அதை நான் பிந்தித்தான் உணர்ந்தேன். அம்மா முகத்தைச் சுளித்த உடனே "நீங்கள் இருங்கோ, நான் செய்யிறன்" என்று கையிலிருந்ததைப் பறிப்பேன். பாசம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சுளித்தால் வேலை போகும், பிள்ளை பக்கத்தில் வரும் என்று அம்மாவின் உடம்பும் படித்துக்கொண்டது, "என்னால ஏலாது" என்று அம்மாவின் மனமும் படித்துக்கொண்டது.

மூன்றாவதுதான் நம் ஊருக்கே உரியது போல எனக்குத் தோன்றும், தாங்குவது. 1995 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தை மழைக்குள் அடி அடியாக நகர்ந்து கடந்த சனம் நாங்கள். அதற்குப் பிறகு விரல் நோவைச் சொல்லி அழ வெட்கம். "எதையெல்லாம் தாங்கினனாங்கள், இது என்ன?" இப்படிச் சொல்லி ஒரு வருடம், இரண்டு வருடம் காட்டாமல் விட்டவர்களைக் கிளினிக் வாங்கிலேயே சந்தித்திருக்கிறேன். தாங்குகிறவர்கள் நோ குறைந்த நாளில் எல்லா வேலையையும் ஒன்றாகச் செய்வார்கள். கொடியேற்றத்துக்கு முதல் நாள் வீடு முழுக்கக் கழுவி, பனங்கிழங்கு வார்ந்து, அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பார்கள்.

இவை எல்லாவற்றோடும் மனச்சோர்வு வந்து சேரும். முடக்குவாதக்காரரிடையே அது மற்றச் சனத்தைவிடக் கூடவே காணப்படுகிறது. அதற்குக் காரணம் நோவும் முடியாமையும் மட்டுமல்ல. அழற்சியை உண்டாக்குகிற அதே இரசாயனங்கள் மூளையிலும் வேலை செய்து அலுப்பையும் சோர்வையும் உண்டாக்குகின்றன. காய்ச்சல் வந்தால் ஒருவரோடும் கதைக்க மனம் வராதே, அதுபோல. சோர்ந்த மனம் முதலில் கைவிடுவது மருந்தைத்தான். ஆகவே இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, நித்திரை இல்லை, அழுகை வருகிறது என்றால் அதையும் மூட்டு டொக்டரிடமே சொல்லுங்கள். அதுவும் அவர் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

குளுசைகள் எல்லாம் ஒரே கணக்கில் ஓடுவதில்லை

கிளினிக் முடிந்து ஒரு பை குளுசையோடு வருவோம். எல்லாவற்றையும் "வாதக் குளுசை" என்போம். பைக்குள் மூன்று வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பனடோல், டைக்குளோபெனாக் போன்றவை நோவுக்கு. ஒரு மணித்தியாலத்தில் தெரியும். ஆனால் எலும்பு அரிப்பை அவை நிறுத்தாது. டைக்குளோபெனாக்கைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரலாம்.

அடுத்தது ஸ்டீரொயிட், பெரும்பாலும் பிரெட்னிசொலோன். இதற்கு ஒரு கதை உண்டு. 1948 செப்ரெம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹெஞ்ச் என்ற மருத்துவர், படுக்கையிலிருந்து எழும்ப முடியாமல் கிடந்த ஒரு இளம் பெண்ணுக்குக் கோட்டிசோன் என்ற ஸ்டீரொயிட் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழும்பி நடந்து கடைவீதிக்குப் போய்விட்டார். 1950 இல் ஹெஞ்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு. உலகமே முடக்குவாதம் முடிந்தது என்று நினைத்தது. கொஞ்ச நாளில் ஊதிய முகம், மெலிந்த எலும்பு, ஏறிய சீனி என்று பக்கவிளைவுகள் வரிசையாக வந்தன. இன்றைக்கும் ஸ்டீரொயிட் தேவைதான், ஆனால் மற்ற மருந்து பிடிக்கும்வரைக்கும் ஒரு பாலம்போல, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு. இதைக் கன நாள் போட்டபின் திடீரென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட் உற்பத்தியை மறந்திருக்கும். பெயரில்லாத பொடி ஒன்றைப் போட்டு இரண்டு நாளில் எழும்பி ஓடினால் ஒருக்கால் யோசியுங்கள். மூலிகை என்று விற்கிற அப்படியான பொடிகளில் ஸ்டீரொயிட் கலந்திருந்ததைப் பல நாடுகளில் பரிசோதித்துப் பிடித்திருக்கிறார்கள். நான் சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. கைதடிச் சித்த ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் போகட்டும். என்ன போடுகிறோம் என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்லிப் போட்டால் சரி.

மூன்றாவது ஆள்தான் முக்கியமானவர், நோயின் போக்கையே மாற்றுகிற மருந்துகள். மெதோட்ரெக்சேட், சல்பாசலசின், ஹைட்ரொக்சிகுளோரோகுயின், லெஃப்லுனோமைட். இவை நோவுக்கு உரியவை அல்ல. நிர்ப்பீடனப் படையைத் தணிக்க உரியவை. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு கிழமை போகும். அம்மா மூன்றாம் கிழமையில் விட்டது விதை போட்டு மூன்றாம் நாள் கிண்டிப் பார்த்த மாதிரி. பிரசர் குளுசையைத் தலையிடி இருக்கிற நாளில் மட்டும் யாரும் போடுவதில்லை. இதுவும் அந்தக் கணக்குத்தான்.

மெதோட்ரெக்சேட்டைப் பற்றி ஒன்றை உரத்துச் சொல்ல வேண்டும். அது முடக்குவாதத்துக்குக் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மருந்து. பிழையாக நாளாந்தம் போட்டால் உயிருக்கே ஆபத்து, அப்படி இறந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நாளைத் தீர்மானித்து அந்த நாளின் பெயரைக் கொப்பியிலும் பெட்டியிலும் எழுதி வையுங்கள். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை. மச்சம் இல்லாத நாள், விளக்கேற்றும் நாள், மறக்க வழியே இல்லை. போலிக் அமிலக் குளுசையை டொக்டர் சொல்லும் வேறு நாளில் போட வேண்டும், அது பக்கவிளைவைக் குறைக்கும்.

ஏன் விடுகிறோம்

உலக சுகாதார நிறுவனம் 2003 இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்க்காரரில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்கள் என்றது. ஆகவே இது நம் சனத்தின் குறை அல்ல. மறந்து விடுவது ஒரு வகை. தீர்மானித்து விடுவது இன்னொரு வகை. கிளினிக்கில் முதலாவதைத்தான் பிடித்து ஏசுவார்கள். இரண்டாவதைப் பற்றி ஆரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. அம்மா இரண்டு மாதம் போடாத குளுசையைப் பற்றி "ஓம், ஒழுங்காப் போடுறன்" என்று சொன்னபோது பக்கத்தில் நின்றது நான்தான். வாயே திறக்கவில்லை.

ரொப் ஹோர்ன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் இந்தத் தீர்மானத்தை இரண்டு தட்டுள்ள தராசாகப் பார்க்கிறார். ஒரு தட்டில் இந்த மருந்து எனக்கு வேணும் என்ற எண்ணம். மற்றத் தட்டில் இது எனக்கு என்ன செய்யுமோ என்ற பயம். இரண்டாம் தட்டு கனத்தால் மருந்து அலமாரிக்குள் கிடக்கும். நோ இல்லாத நாளில் முதலாம் தட்டு தானாகவே மேலே எழும்பிவிடும், அதுதான் சிக்கல். இரண்டாம் தட்டில் கல் போட ஆட்களுக்குக் குறைவில்லை. கனடாவிலிருந்து சித்தி வாட்ஸ்அப்பில் "அது புற்றுநோய்க்குக் குடுக்கிற மருந்தாம் அக்கா" என்று அனுப்புவார். உண்மைதான், மெதோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் உண்டு. ஆனால் அங்கே கொடுக்கிற அளவு வேறு உலகம். ஈரலைக் கெடுக்கும் என்பார்கள். கெடுக்கக்கூடும், அதற்காகத்தான் குறித்த இடைவெளியில் இரத்தம் எடுக்கிறார்கள். அந்தப் பரிசோதனையைத் தவறவிட்டுப் பயப்படுவதில் அர்த்தமில்லை. மதுவை நிறுத்துவதும் குறைப்பதும் இதில் சேரும். பிள்ளை பெற நினைக்கிற பெண்கள் இந்த மருந்தோடு கர்ப்பம் தரிக்கக்கூடாது. முன்கூட்டியே டொக்டரிடம் சொன்னால் மாற்றுவார்.

ஓங்காளம் தனிக் கதை. குளுசையால் வயிறு பிரட்டுவது உண்மை. சிலருக்குக் கொஞ்ச நாளில் மஞ்சள் குளுசையைக் கண்டதுமே, அல்லது நாளைக்கு வெள்ளிக்கிழமை என்று நினைத்ததுமே சத்தி வரும். மூளை முன்கூட்டியே படித்துவிடுகிறது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டு நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொன்னால் வழி இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கும் நேரத்தில் போடச் சொல்வார்கள், போலிக் அமிலத்தைக் கூட்டுவார்கள், ஊசியாக மாற்றுவார்கள், மருந்தையே மாற்றவும் செய்வார்கள்.

அயலவர் சாட்சி இன்னொரு கல். "சந்தியடி மாமியும் விட்டவ, அவ நல்லாத்தானே இருக்கிறா?" இதற்கு ஒரு பழைய ஆய்வு நல்ல பதில். 1996 இல் வெளிவந்தது, நெதர்லாந்தில் நடந்தது. மருந்தில் நல்ல நிலையில் இருந்த 285 பேரில் பாதிப்பேருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மற்றப் பாதிக்கு மருந்தில்லாத வெறும் குளுசை கொடுத்தார்கள், யாருக்கு எது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருடத்தில் நோய் திரும்பக் கிளம்பியது, தொடர்ந்தவர்களில் 100க்கு 22 பேருக்கு. விட்டவர்களில் 38 பேருக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். விட்டவர்களில் 62 பேர் அந்த வருடம் நன்றாகத்தான் இருந்தார்கள். சந்தியடியில் நின்று கதைக்கப்போவது அந்த 62 பேர். மற்ற 38 பேர் வீட்டுக்குள் கிடப்பார்கள். மாமி பொய் சொல்லவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் விழுவீர்கள் என்பதுதான் மாமிக்குத் தெரியாது. நீண்ட நாள் நோய் அடங்கியிருந்தால் டொக்டரே அளவை மெல்ல மெல்லக் குறைத்துப் பார்ப்பதும் உண்டு. அப்படிக் குறைக்கும்போது அவர் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பார். தானாக விடுகிறவருக்கு எண்ண ஆளில்லை.

எல்லாப் பழியையும் மனத்தின் மேல் போடவும் கூடாது. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எத்தனையோ பேருக்கு விடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நெடுந்தீவிலிருந்து வருகிறவர் படகைப் பிடித்துக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் ஏறி, கிளினிக் இலக்கம் எடுக்க வேண்டும். கடல் கொந்தளித்தால் அந்த மாதம் போய்விடும். அப்படியானவர்கள் இரண்டு மாத மருந்து தரலாமா, பக்கத்து ஆஸ்பத்திரியில் எடுக்கலாமா என்று கேட்டு வைப்பது நல்லது. கேளாமல் யாரும் தரமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் என்ன மாறியது

ஒரு சின்னக் கொப்பி. அதில் நோவுக்குப் புள்ளி எழுதுவதை அம்மாவே நிறுத்தினார், எழுத எழுத யோசினை கூடுகிறது என்று. பதிலாக மூன்றை எழுதுகிறார்: காலை விறைப்பு எத்தனை நிமிடம், எந்த மூட்டு வீங்கியிருக்கிறது, வெள்ளிக் குளுசை போட்டாரா. கறையானைத் தேடுகிற கொப்பி அது. நாய் குரைப்பதை எழுதுவதில்லை.

விடிய நாலு மணிக் குத்துக்கு ஒரு கேள்வி பழக்கினோம்: "போன முறை இப்பிடி வந்து எப்ப போனது?" பெரும்பாலும் பத்து மணிக்குள் போயிருக்கும். அந்தக் கேள்வி நோவைப் போக்காது. பெரியம்மாவின் வளைந்த கைவரைக்கும் ஓடுகிற எண்ணத்தைப் பாதி வழியில் மறித்துவிடும். உளவியல் சிகிச்சையில் இதையே ஒழுங்காகப் பல கிழமைகள் பயிற்றுவார்கள். கிடைக்கிறவர்கள் வெட்கப்படாமல் போகலாம்.

வேலையை நோகும்வரை செய்வதில்லை, மணிக்கூடு பார்த்துச் செய்வது. முருங்கையிலை உருவுவது பதினைந்து நிமிடம், பிறகு ஒரு தேத்தண்ணி, நோகாவிட்டாலும் எழும்பத்தான் வேண்டும். இதுதான் அம்மாவுக்கு ஆகக் கஷ்டம். பாதி உருவின கொப்பை விட்டு எழும்புவது அவர் சாதகத்திலேயே இல்லை. விரலுக்கான பயிற்சி நாளாந்தம். முடக்குவாதக் கைகளுக்கு முறையாக நீட்டி மடக்கிப் பலம் கூட்டும் பயிற்சி நல்லது என்று 2015 இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வும் காட்டியது. வீங்கிச் சுடுகிற நாளில் மட்டும் குறைத்துக்கொள்வது. நான் உரலைப் பறிப்பதை விட்டுவிட்டேன். அம்மா ஒரு தட்டு இடியப்பம் பிழிவார், மிச்சம் நான். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி இருக்க வேண்டுமென்று நின்றார். டொக்டரைக் கேட்டோம். குளுசை போடும் இரவு சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்காமல் இருக்கக்கூடாது என்று அவர் சொன்னதோடு ஒரு நேரச் சாப்பாட்டு விரதமாக முடிந்தது.

விட வேண்டிய நேரமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மெதோட்ரெக்சேட் போடுகிறவருக்குக் காய்ச்சல், வாய்க்குள் புண், காரணமில்லாமல் தோலில் கண்டல், வறட்டு இருமலோடு மூச்சு முட்டு, கண் மஞ்சளாதல் வந்தால் அடுத்த குளுசையைப் போடாமல், கிளினிக் திகதி வரைக்கும் காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்போது பார்க்கிறவர் உங்கள் வழக்கமான டொக்டராக இருக்கமாட்டார். கிளினிக் கொப்பியையும் குளுசைப் பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். சலக்கடுப்புக்கோ இருமலுக்கோ எந்த டொக்டர் அன்டிபயோட்டிக் எழுதினாலும் மெதோட்ரெக்சேட் போடுகிறேன் என்று முதலில் சொல்லுங்கள். கோட்ரைமொக்சசோல் போன்ற சில மருந்துகள் அதோடு சேர்ந்தால் இரத்த அணுக்களையே கீழே தள்ளிவிடும். அம்மாவின் கொப்பி அட்டையில் இதைச் சிவப்புப் பேனையால் எழுதி ஒட்டியிருக்கிறோம், வெள்ளிக்கிழமை என்ற சொல்லுக்குக் கீழே.